ஊரு 'வேண்டாம்'னு சொன்னா என்ன ஆகும்?

உங்க ஊர்ல ஒரு கடை வரப்போகுதுன்னு வெச்சுக்கோங்க. மதுக்கடையோ, சூதாட்ட விடுதியோ, ஏதோ ஒண்ணு. ஊரே கூடி வேண்டாம் என்கிறது. அந்த 'வேண்டாம்' எங்கே போய்ச் சேரும்? அதை யார் கேட்டே ஆகணும்? சர்க்யூட்டில் கரண்ட் எந்த வழியா ஓடுதுன்னு தடம் பிடிக்கிறோமே, அதே மாதிரி இதையும் பிடித்துப் பார்ப்போம்.

மீன்சுருட்டி நெடுஞ்சாலை ஊர். சென்னை - கும்பகோணம் பஸ்கள் இந்த வழியாத்தான் அணைக்கரைக்குப் போகும். நெடுஞ்சாலை ஊர்கள் எல்லாத்துக்கும் 2017 ஒரு முக்கியமான வருஷம். நீங்க அப்போ பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீங்க. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 20,000 பேர் வரை உள்ள உள்ளாட்சிப் பகுதிகளுக்கு மட்டும் அதை 220 மீட்டராக 2017 மார்ச் 31 அன்று குறைத்தது. (சண்டிகரில் நெடுஞ்சாலைகளையே மாவட்டச் சாலைகள்னு பெயர் மாத்திட்டாங்க. அறிவாளிகள்!) தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன.

மூடிய கடைகளுக்கு வேற இடம் தேடினாங்க. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே வந்தால் என்ன இருக்கும்? தெரு, வயல், வீடு. அதனால் அந்தக் கோடையில் தமிழ்நாடு முழுக்க பெண்கள் தெருவில் இறங்கினாங்க. ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய ஒரு பெண்ணை போலீஸ் அதிகாரி அறைந்த வீடியோ நாடெங்கும் பரவியது.

இப்போ விதியைப் பாருங்க. 2003ஆம் ஆண்டின் மதுபான சில்லறை விற்பனை விதிகளின்படி, கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்கணும். ஆக, 2017இல் கேள்வி டேப் பிடித்து அளப்பதோடு முடிந்துவிட்டது. 101ஆவது மீட்டரில் குடியிருக்கும் அக்கா என்ன நினைக்கிறாங்கன்னு கேட்க அப்போ அதில் ஒரு கட்டமும் இருக்கவில்லை. ஊர்க்காரங்க ரோட்டுக்கு வந்ததுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். சொல்ல ஒரு இடம் இருந்திருந்தால் ரோடு எதுக்கு?

அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் மது 8ஆவது, சூதாட்டம் 34ஆவது. ரெண்டுமே மாநில அரசு கையில். அதனால்தான் ஒரு மாநிலத்தில் குற்றம், பக்கத்து மாநிலத்தில் வியாபாரம். 2003இல் தமிழ்நாடு லாட்டரியை நிறுத்தியது, கேரளத்தில் இன்னும் அரசே விற்கிறது. கோவா தன் 1976ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தை 1990களில் திருத்தி, முதலில் நட்சத்திர ஓட்டல்களிலும் பிறகு கப்பல்களிலும் அனுமதி கொடுத்தது. அந்தக் கப்பல்கள் நிற்கிற இடம் பனாஜி நகரத்தை ஒட்டிய மாண்டோவி ஆறு. சின்ன நகரம்தான், எதிர்ப்பும் பல வருஷமா இருக்கு. கடைசியில் 2020இல் அரசு செய்தது என்ன தெரியுமா? கப்பலை அப்படியே விட்டுவிட்டு, கோவாக்காரர்கள் உள்ளே போகக் கூடாதுன்னு தடை போட்டது! சூதாட்டம் கெடுதின்னு அரசே ஒத்துக்கொண்ட மாதிரிதானே?

அமெரிக்காவில் கதை இன்னும் சிக்கல். அங்கே பழங்குடிகளுக்கு தங்கள் நிலத்தில் ஒரு அளவுக்குத் தன்னாட்சி உண்டு. மாநிலச் சூதாட்டச் சட்டம் அந்த நிலத்தில் செல்லாது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அதை ஒழுங்குபடுத்த 1988இல் தனிச் சட்டம் வந்தது. கேசினோ வருமானத்தில்தான் பல பழங்குடி அரசுகள் பள்ளியும் மருத்துவமும் நடத்துகின்றன.

மாசசூசெட்ஸில் டான்டன் என்று ஒரு சின்ன நகரம். மாஷ்பி வாம்பனோக் பழங்குடி அங்கே கேசினோ கட்ட முன்வந்தது. 2012இல் நகர மக்கள் வாக்களித்தார்கள், பெரும்பான்மை ஆதரவு. 2015இல் மத்திய அரசு அந்த நிலத்தைப் பழங்குடிக்காக ஏற்றது. ஆனால் கேசினோ வரவிருந்த கிழக்கு டான்டன் பகுதிக்காரர்கள் சிலர் 2016இல் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு முழுக்க 1934ஆம் ஆண்டுச் சட்டம் 'இந்தியர்' என்று யாரைச் சொல்கிறது என்பதைச் சுற்றியே. கட்டுமானம் தொடங்கிய சில மாதங்களில் நின்றது. 2023இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடியின் பக்கம் தீர்ப்பளித்தது.

இதில் எந்தப் பக்கம் நிற்பீங்க? பக்கத்து வீட்டுக்காரருக்கு டிராஃபிக், சத்தம், பிள்ளைகள் பற்றிய பயம். அது நியாயம். ஆனால் 1620இல் கப்பலில் வந்து இறங்கிய ஆங்கிலேயர்களைச் சந்தித்த மக்களின் வாரிசுகள் இவர்கள். மத்திய அங்கீகாரம் கிடைத்ததோ 2007இல். நிலத்தை இழந்தவர்களிடம் 'எங்க ஊர்ல வேண்டாம்' என்று சொல்வது, டாஸ்மாக்கிடம் சொல்வது போல அவ்வளவு சுலபமில்லை. எல்லா உள்ளூர் எதிர்ப்பையும் ஒரே தராசில் போட முடியாது.

நம்ம நாட்டிலும் பழங்குடிகளுக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு, நேர் எதிர்த் திசையில். 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம், ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் மது விற்பனையைத் தடுக்க, கட்டுப்படுத்த கிராம சபைக்கும் ஊராட்சிகளுக்கும் அதிகாரம் தரச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்த அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. நம்ம பக்கத்துப் பச்சைமலை மக்களுக்கும் அது கிடையாது.

மகாராஷ்டிரத்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள், எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு கிராமத்தில் 25 சதவீதப் பெண் வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் மதுக்கடை பற்றி வாக்கெடுப்பு. சீட்டில் ரெண்டு படம்: நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்கு விழுந்தால் கடையை மூடணும். இங்கே 'வேண்டாம்' போய்ச் சேர ஒரு வயர் இழுத்திருக்காங்க.

நம்மகிட்ட இருப்பது கிராம சபை. 18 வயசு ஆகி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு கூட்டம். பாதி நாள் நமக்கு லீவு, ஆனா தூங்கிடுறோம். 3,001 முதல் 10,000 பேர் உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

கடை விஷயமாகப் போறீங்கன்னா சும்மா 'எதிர்க்கிறோம்'னு எழுத வைக்காதீங்க. சர்வே எண், பள்ளியிலிருந்து தூரம், கோயிலிலிருந்து தூரம், எந்த வழியாக அளந்தீங்க, எல்லாமே தீர்மானத்தில் வரணும். சர்வேயிங் லேப்ல செயின் பிடிச்சவங்கதானே நாம? எழுதி முடித்ததும் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, நகல் வாங்குங்க. அதை மனுவோடு சேர்த்து கலெக்டர் ஆபீசில் கொடுத்து, ரசீது வாங்காமல் வெளியே வராதீங்க.