பகலில் விளையாட்டு, இரவில் தூக்கம்

அங்கன்வாடியில் தாய்மார்கள் கூடியிருந்தார்கள். ஓர் இளம் தாய் கைக்குழந்தையுடன் வந்தாள். குழந்தைக்கு ஐந்து மாதம். தாயின் கண்கள் சிவந்திருந்தன.

“ஏம்மா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் அங்கன்வாடிப் பணியாளர்.

“தூக்கமே இல்லை அக்கா. ராத்திரியில் இவன் நாலு தடவை எழுந்திருக்கிறான். பால் குடித்த பிறகும் தூங்குவதில்லை. விழித்துக்கொண்டு விளையாடுகிறான். இவன் அப்பா விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டும். அவர் கோபப்படுகிறார். எனக்குப் பால் போதவில்லை என்கிறார் அத்தை. பக்கத்து வீட்டில் தூக்க மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.”

“வேண்டவே வேண்டாம்! தூக்க மருந்து, கசகசாத் தண்ணீர் எதுவும் கொடுக்காதே. குழந்தையின் மூச்சு நின்றுவிடலாம். உயிருக்கே ஆபத்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். சரி, பகலில் இவன் என்ன செய்கிறான்?”

“தூங்குவான். விழித்தால் பாயில் கிடப்பான். ‘ங்கா, ங்கா’ என்று சத்தம் போடுவான். எனக்கு வேலை இருக்குமே! அழுதால் செல்போனில் படம் காட்டுவேன்.”

“அந்தச் சத்தம் சும்மா இல்லை அம்மா. உன்னைக் கூப்பிடுகிறான். நீ பதில் சொல்ல வேண்டும்.”

“இவனுக்கு என்ன புரியும் அக்கா?”

“சொல் புரியாது. முகம் தெரியும். குரல் தெரியும். இங்கே பார்.”

பணியாளர் குழந்தையை மடியில் வைத்தார். பேசாமல் காத்திருந்தார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. “ங்கா” என்றது.

“ங்கா! அப்படியா? இன்னும் சொல்லு” என்றார் அவர். குழந்தை சிரித்தது. காலை உதைத்தது. அவர் முந்தானையால் முகத்தை மூடினார், திறந்தார். குழந்தை மறுபடியும் சிரித்தது. சிறிது நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பணியாளர் உடனே நிறுத்திவிட்டார்.

“பார்த்தாயா? முகத்தைத் திருப்பினால் ‘போதும்’ என்று அர்த்தம். கொட்டாவி விட்டால், கண்ணைக் கசக்கினால் தூக்கம் வருகிறது என்று அர்த்தம். அப்போதே படுக்க வைக்க வேண்டும். அழும்வரை காத்திருக்கக் கூடாது. மிகவும் களைத்துப்போன குழந்தை தூங்க முடியாமல் அழும்.”

“விளையாட்டுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் அக்கா?”

“பிறந்த குழந்தைக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியாது. நாம்தான் பழக்க வேண்டும். பகல் என்றால் வெளிச்சம், பேச்சு, விளையாட்டு. இரவு என்றால் இருட்டு, அமைதி. பகலில் நீ அவனோடு விளையாடினால் அவனுடைய அடையாளங்கள் உனக்குத் தெரிந்துவிடும். எது பசி, எது களைப்பு என்று புரியும்.”

“ராத்திரி எழுந்தால்?”

“எழுவது தப்பில்லை. குழந்தையின் வயிறு சிறியது. அதனால் உனக்குப் பால் இல்லை என்று ஆகாது. பால் கொடு. பெரிய விளக்கைப் போடாதே. விளையாட்டுக் காட்டாதே. மெதுவாகத் தட்டிக் கொடு. ஒரே நாளில் மாறாது. சில வாரங்கள் ஆகும்.”

“விளையாட நேரம் ஏது அக்கா?”

“தனி நேரம் வேண்டாம். குளிப்பாட்டும்போது பேசு. காய் நறுக்கும்போது பக்கத்தில் படுக்க வைத்துப் பேசு. மாலையில் அவன் அப்பாவிடம் கொடு. பாட்டியைத் தாலாட்டுப் பாடச் சொல். பிள்ளை வளர்ப்பது உன் ஒருத்தி வேலை இல்லை. இன்னொன்றையும் அவரிடம் சொல். எவ்வளவு கோபம் வந்தாலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும். கோபம் வந்தால் குழந்தையைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நிற்கலாம்.”

அன்று மாலை அப்பா மகனை மடியில் வைத்துக்கொண்டார். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. “ங்கா” என்றது குழந்தை. “ங்கா” என்றார் அவரும்.

தெரிந்துகொள்வோம்

• 3 மாதம் வரை குழந்தைக்கு ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் வேண்டும். 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம் வேண்டும். பகல் தூக்கமும் இதில் சேரும். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது இது.

• இரண்டு வயது வரை செல்போன், டி.வி. காட்ட வேண்டாம்.

• தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். முகத்தின் அருகே தலையணை, கனத்த போர்வை வேண்டாம். விழித்திருக்கும்போது, நாம் பார்த்துக்கொண்டு, குப்புறப் படுக்க வைத்து விளையாடலாம்.

• காய்ச்சல், வேகமான மூச்சு, பால் குடிக்காமல் இருத்தல், ஓயாத அழுகை, எழுப்பினாலும் எழாத சோர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

• பிறந்தது முதல் 3 வயது வரை குழந்தையோடு எப்படிப் பேசலாம், விளையாடலாம் என்று கூற மத்திய அரசு 2024-ல் ‘நவசேதனா’ என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அங்கன்வாடியில் கேளுங்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. குழந்தை முகத்தைத் திருப்பினால் என்ன அர்த்தம்?
2. தூக்கம் வருவதற்கான இரண்டு அடையாளங்களை எழுதுங்கள்.
3. உங்கள் வீட்டில் குழந்தையோடு யார் யார் விளையாடுகிறார்கள்? அப்பா விளையாடுகிறாரா?