நாற்சந்தியின் பாதுகாப்பும் நகர மன்றத்தின் கடமையும்

நகரம் ஒன்றின் நிர்வாகத் திறனை அறிய அதன் மன்றக் கூடத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. மாலை ஆறு மணிக்கு அந்நகரின் முக்கிய நாற்சந்தியில் சிறிது நேரம் நின்றால் போதும். நிலையத்தை நோக்கித் திரும்பும் பேருந்துகள், சந்தைக்குச் செல்லும் சரக்கு லாரிகள், இடைவெளி கண்ட இடமெல்லாம் நுழையும் இரு சக்கர வாகனங்கள், சாலையோரத்துத் தள்ளுவண்டிகள் ஆகியவற்றுக்கு நடுவே, பள்ளி விட்டு வரும் சிறுவர்களும் முதியோரும் எப்பொழுது கடக்கலாம் என்று தயங்கி நிற்பர். அந்தத் தயக்கத்திற்கு விடை கூறும் பொறுப்பு யாருடையது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள்.

2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன என்றும், அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்றும், 4,43,366 பேர் காயமுற்றனர் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் ஆண்டறிக்கை கூறுகிறது. சராசரியாக ஒரு மணி நேரத்தில் 19 உயிர்கள் பறிபோயின. இறந்தோரில் 40 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பாதசாரிகள். விபத்துகளை ஓட்டுநரின் கவனக்குறைவு என்ற ஒரே தலைப்பின் கீழ் அடக்கிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆனால், ஒரே இடத்தில் ஒரே விதமான விபத்து மீண்டும் மீண்டும் நிகழுமாயின், பிழை மனிதரிடம் மட்டுமன்று, இடத்தின் அமைப்பிலும் உள்ளது என்றே கொள்ள வேண்டும். அமைப்பைத் திருத்துவது ஆட்சியின் கடமை.

பகிர்ந்து கிடக்கும் பொறுப்பு

1992-ஆம் ஆண்டு நிறைவேறி, 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகராட்சி அமைப்புகளுக்கு அரசியலமைப்பு அங்கீகாரம் அளித்தது. அத்திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகள் இடம்பெற்றுள்ளன. சாலைகளும் பாலங்களும் அவற்றுள் ஒன்று. தெருவிளக்குகள், வாகன நிறுத்துமிடங்கள், பேருந்து நிறுத்தங்கள் முதலிய பொது வசதிகள் மற்றொன்று. மூன்று இலட்சமோ அதற்கு மேலோ மக்கள் தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்பதும் அத்திருத்தத்தின் விதியே. எனினும், அட்டவணையில் உள்ள பணிகளை எந்த அளவிற்கு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றங்களே முடிவு செய்கின்றன.

இதன் விளைவாக, ஒரே நாற்சந்தியில் பல அதிகாரங்கள் சந்திக்கின்றன. நான்கு கிளைகளில் இரண்டு மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு உரியனவாகவும் ஏனைய இரண்டு நகராட்சிக்கு உரியனவாகவும் இருக்கலாம். போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது காவல் துறை. கம்பங்களையும் மின்மாற்றிகளையும் பராமரிப்பது மின் நிறுவனம். பேருந்துகளை நிறுத்துவது போக்குவரத்துக் கழகம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்துக் குறியீடுகளை நிறுவும் அதிகாரம் மாநில அரசுக்கோ, அதனால் அதிகாரமளிக்கப்பட்ட அமைப்புக்கோ உரியது. ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் சரியாகவே நடந்துகொண்டிருக்கக்கூடும்; ஆயினும் சாலையைக் கடக்கும் மூதாட்டிக்கு வழி கிடைக்காமற் போகலாம். துறைகளை ஒரே மேசையில் அமரச் செய்து, முடிவைத் தீர்மானமாக்கி, நிறைவேறும் வரை கேள்வி எழுப்பக்கூடிய மக்கள் பிரதிநிதித்துவ அமைப்பு நகர மன்றமே.

சந்தியின் இயல்பு

இருவழிப் போக்குவரத்துள்ள நான்கு சாலைகள் கூடுமிடத்தில், வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களைத் தாளில் வரைந்து எண்ணினால் 32 மோதல் முனைகள் கிடைக்கும். அவற்றுள் 16 குறுக்கே வெட்டுபவை, 8 இணைபவை, 8 பிரிபவை. குறுக்கே வெட்டும் முனைகளே உயிருக்கு ஊறு விளைப்பவை. மூன்று சாலைகள் கூடும் சந்தியில் இவ்வெண்ணிக்கை 9 மட்டுமே. ஒற்றை வரிசை வட்டச் சந்தியில் 8 முனைகளே உண்டு. அவற்றுள் குறுக்கே வெட்டுபவை இல்லை. சந்தியைச் சீர்திருத்துதல் என்பது இம்முனைகளைக் குறைப்பது, காலத்தால் பிரிப்பது, அவற்றினூடே செல்லும் வேகத்தைத் தணிப்பது ஆகிய மூன்றே என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம்.

வேகத்தின் பங்கு தனியே கருதத்தக்கது. ஓட்டுநர் தடையைக் கண்டு, உணர்ந்து, வாகனத்தை முற்றிலும் நிறுத்துவதற்கு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் தொலைவும், 50 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவும் தேவை என்பது இந்தியச் சாலை வடிவமைப்பில் கொள்ளப்படும் அளவு. 40 மீட்டருக்கு அப்பால் ஒரு குழந்தை சாலையில் இறங்குமானால், முதல் வாகனம் நின்றுவிடும், இரண்டாவது நிற்காது.

ஆய்வே முதற்படி

சீர்திருத்தம் மதிப்பீட்டிலிருந்து தொடங்கக் கூடாது. ஆய்விலிருந்து தொடங்க வேண்டும். காவல் நிலையப் பதிவுகளிலிருந்து கடந்த மூன்று ஆண்டுகளின் விபத்துகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் எந்தக் கிளையில், எந்த நேரத்தில், எவ்விதத் திருப்பத்தின்போது நிகழ்ந்தது என்பதை வரைபடத்தில் குறிக்க வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத் தளம் 2021 முதல் நடைமுறைக்கு வந்தபின் இப்பணி எளிதாகியுள்ளது. எனினும், சிறு காயங்கள் பல காவல் நிலையத்தை எட்டுவதில்லை. ஆதலால் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டையும் ஒப்புநோக்குதல் நன்று.

தேசிய நெடுஞ்சாலைகளில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்திற்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ விளைவித்த 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் நேர்ந்திருப்பின் அவ்விடம் விபத்துக் கரும்புள்ளி எனக் கருதப்படுகிறது. இவ்வரையறை முன்னுரிமை வகுக்கப் பயன்படும். ஆனால் நகராட்சி, தன் எல்லையில் உள்ள சந்தி அந்த எண்ணிக்கையை அடையும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளை இரண்டு நாட்கள் உற்றுநோக்கிக் கணக்கெடுத்தாலே ஆபத்து எங்குள்ளது என்பது புலப்படும்.

செலவு குறைந்த தீர்வுகள்

சந்தியில் நெரிசல் என்றவுடன் மேம்பாலம் வேண்டும் என்ற கோரிக்கை எழுவது இயல்பு. மேம்பாலம் நேர்ப்போக்கு வாகனங்களுக்கு வழிவிடுகிறது. அதன் கீழே கடக்கும் பாதசாரிக்கு அது தானாகப் பாதுகாப்பு அளிப்பதில்லை. பெரும் நிதி கோரும் திட்டத்திற்குக் காத்திருக்கும் ஆண்டுகளில் சிறு மாற்றங்கள் பல உயிர்களைக் காக்கக்கூடும்.

எடுத்துக்காட்டாக, 14 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கருதுவோம். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் இதனைக் கடக்க ஏறத்தாழ 12 வினாடிகள் ஆகும். வினாடிக்கு 0.8 மீட்டரே நடக்கக்கூடிய முதியவருக்கு 17.5 வினாடிகள் தேவை. பாதசாரிகளுக்கான பச்சை விளக்கு 12 வினாடிகளில் அணைந்துவிடுமானால், முதியவர் சாலையின் நடுவே சிக்கிக்கொள்வார். நடுவில் 2 மீட்டர் அகலத்தில் ஒரு தங்குதிட்டு அமைப்பின், அவர் ஒரு முறைக்கு 6 மீட்டர் கடந்தாற் போதும், அதற்கு 7.5 வினாடிகளே ஆகும். சில மீட்டர் நீளச் சிமெண்டுத் திட்டு செய்யும் உதவி இது.

மூலைகளின் வளைவு பெரிதாக இருப்பின் வாகனங்கள் வேகம் குறையாமலே இடப்புறம் திரும்பும். வளைவைச் சுருக்கி நடைபாதையைச் சற்று முன்னே நீட்டினால் வேகமும் தணியும். கடக்கும் தொலைவும் குறையும். சிவப்பு விளக்கிலும் இடப்புறம் தடையின்றித் திரும்பலாம் என்ற ஏற்பாடு, பாதசாரிக்கு இடைவெளியே இல்லாமற் செய்துவிடுகிறது. பாதசாரிகள் மிகுந்த சந்திகளில் அதனை மறுஆய்வு செய்தல் வேண்டும். பேருந்து நிறுத்தம் சந்தியின் மூலையில் அமைவதினும், சந்தியைக் கடந்த பின் அமைவது ஏற்றது. விளம்பரப் பலகைகளும் மின்மாற்றிகளும் ஓட்டுநரின் பார்வையை மறைத்தலாகாது. வட்டச் சந்தி பொருத்தமானதா என்பதும் போக்குவரத்தின் அளவைப் பொறுத்தது. 1934-இல் நிறுவப்பட்ட இந்திய சாலைகள் காங்கிரஸ் 1976-இல் வெளியிட்ட நெறிமுறையில், மணிக்கு 3,000 வாகனங்கள் என்பது வட்டச் சந்தி தாங்கக்கூடிய உச்ச அளவாகக் கொள்ளப்பட்டது.

வேகத்தடைகள் குறித்தும் ஒரு சொல் அவசியம். இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வளைமுகட்டு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. ஒரே இரவில் கொட்டப்படும் குறுகிய, செங்குத்தான தார் மேடு, இரு சக்கர வாகனத்தில் செல்வோரைக் கீழே தள்ளும் புதிய ஆபத்தாகிறது.

மன்றத்தின் நடைமுறை

ஆய்வறிக்கை தீர்மானமாக மாறுவதற்குச் சில படிகள் உண்டு. வார்டு உறுப்பினர் எழுப்பும் கோரிக்கை நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுகிறது. பொறியியல் பிரிவு வரைபடத்தையும் மதிப்பீட்டையும் தயாரிக்கிறது. மன்றம் நிர்வாக அனுமதி வழங்குகிறது. தகுதியுள்ள பொறியாளர் தொழில்நுட்ப அனுமதி அளித்தபின் ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்படுகின்றன. 1888-ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டம் மன்றம், நிலைக்குழு, ஆணையர் எனப் பணிகளைப் பகுத்தளித்தது. கொள்கை முடிவு மன்றத்திடமும் செயலாக்கம் ஆணையரிடமும் இருக்கும் இம்முறை, வேறுபாடுகளுடன், நாட்டின் பல மாநகராட்சிகளில் காணப்படுகிறது.

இந்நடைமுறையில் இரண்டு இடங்களில் காலதாமதம் நேர்கிறது. முதலாவது, பிற துறையின் இசைவு. காவல், நெடுஞ்சாலை, மின் துறை அலுவலர்களை மன்றக் கூட்டத்திற்கு முன்பே கூட்டாகக் களத்திற்கு அழைத்து, கையொப்பமிட்ட குறிப்பைத் தீர்மானத்துடன் இணைத்துவிட்டால், பின்னர் நிகழும் கடிதப் போக்குவரத்து பெருமளவு குறையும். இரண்டாவது, சாலையோர வணிகர்களின் நிலை. 2014-ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டத்தின்படி, நகர வணிகக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வணிகர்களின் பிரதிநிதிகளாக இருத்தல் வேண்டும். இடமாற்றத்திற்கு 30 நாள் முன்னறிவிப்பு அளித்தல் வேண்டும். நடைபாதை பாதசாரிக்கு உரியது என்பது உண்மை. மூலையில் பூ விற்கும் பெண்ணின் வாழ்வாதாரமும் உண்மை. வணிகக் குழுவைத் தொடக்கத்திலேயே கலந்து, சந்தியிலிருந்து சற்று விலகிய இடத்தை ஒதுக்கும் நகராட்சி இரண்டையும் காக்கிறது. இரவோடு இரவாக அகற்றும் நகராட்சி இரண்டையும் இழக்கிறது. ஏனெனில், மாற்றிடம் பெறாத வண்டிகள் சில நாட்களில் அதே மூலைக்குத் திரும்பிவிடும்.

நிரந்தரக் கட்டுமானத்திற்கு முன்னர், தற்காலிகத் தடுப்புகள், வண்ணக் கோடுகள் ஆகியவற்றைக் கொண்டு சில வாரங்கள் சோதனை செய்வதும் நலம். திருத்தம் தவறாயின் தடுப்பை நகர்த்தலாம். கட்டிய சுவரை நகர்த்த இயலாது.

நிதியும் பொறுப்பும்

நிதியில்லை என்பது நகராட்சிகள் பலவற்றின் விடை. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி தொடர்பான வழக்கில், 1980-ஆம் ஆண்டு நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. அவ்வழக்கு சாக்கடை, பொதுச் சுகாதாரம் பற்றியது. ஆயினும், சட்டம் விதித்த அடிப்படைக் கடமையிலிருந்து நிதிக் குறைவைக் காட்டி நகராட்சி விலகிவிட முடியாது என்ற அதன் நெறி சாலைக்கும் பொருந்துவதே.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ஆம் ஆண்டில் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2014-இல் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. 2017 நவம்பர் 30 அன்று வழங்கிய தீர்ப்பில், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்கள், சாலைப் பாதுகாப்புத் தணிக்கை முதலியவை குறித்து அந்நீதிமன்றம் கட்டளைகள் பிறப்பித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 198-அ பிரிவு, வகுக்கப்பட்ட தரங்களைப் பின்பற்றாமையால் உயிரிழப்போ உடற்குறையோ நேரின், சாலைக்குப் பொறுப்பான அமைப்பு, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோர்மீது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. ஓட்டுநரை மட்டுமே நோக்கியிருந்த சட்டத்தின் பார்வை, சாலையை அமைத்தவர்மீதும் திரும்பியிருப்பது குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

பணி முடிந்த பின்

திறப்பு விழாவுடன் பணி முடிவதில்லை. கோடுகள் மழையிலும் சக்கரத்திலும் தேய்கின்றன, விளக்குகள் பழுதடைகின்றன, குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூடப்படாமல் கிடக்கிறது. ஆதலால் மதிப்பீட்டிலேயே பராமரிப்புக்கான தொகை ஒதுக்கப்படல் வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை, திருத்தத்திற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த விபத்துகளின் ஒப்பீட்டை ஆணையர் மன்றத்தின்முன் வைத்தல் வேண்டும். குறைந்த எண்ணிக்கை விபத்துகளைக் கொண்டு அவசர முடிவிற்கு வருவது தவறாகலாம். வாகனங்களின் வேகத்தையும், கடப்போர் காத்து நிற்கும் நேரத்தையும் சேர்த்தே அளத்தல் முறையாகும்.

நகர மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் நாற்சந்திச் சீரமைப்பு ஒரு வரியாகவே இடம்பெறும். அவ்வரி எழுதப்படுவதற்கும் நிறைவேறுவதற்கும் இடையிலான நாட்களிலும் மக்கள் அச்சாலையைக் கடந்துகொண்டேதான் இருப்பர். கோப்பு ஒவ்வொரு மேசையிலும் தங்கும் காலத்தை அலுவலர்கள் இக்கணக்கில் வைத்து அளப்பார்களாயின், பள்ளி விட்டு வரும் சிறுவனுக்குரிய அந்தச் சில வினாடிப் பச்சை விளக்கு விரைவில் எரியும்.