நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுக்கும் மலை

இன்று ஒரு கணக்குடன் தொடங்குவோம். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. இந்தச் சுழற்சியைப் பத்து முறை கவனிக்க எத்தனை ஆண்டுகள் வேண்டும்? 110! ஒருவர் பணியாற்றும் காலத்தில் மூன்று சுழற்சிகளைக் கண்டாலே பெரிது. ஆனால், ஓர் ஆய்வு நிறுவனத்தால் பத்தையும் காண முடியும்.

பெங்களூரில் தலைமையகம் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனம் அப்படிப்பட்டது. அதன் சூரிய ஆய்வகம் தமிழ்நாட்டின் கோடைக்கானல் மலையில் உள்ளது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது வலுத்தது. 1899இல் இந்த ஆய்வகம் உருவாக அதுவும் ஒரு காரணம். 1904 முதல் வானம் தெளிந்த நாள்களில் எல்லாம் இங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள்.

கரும்புள்ளி என்றால் என்ன? சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,500 பாகை செல்சியஸ். சில இடங்களில் வலுவான காந்தப்புலம், அடியிலிருந்து மேலெழும் வெப்ப வாயுவைத் தடுக்கிறது. அங்கே வெப்பம் 4,000 பாகைக்கும் கீழே குறையலாம். அதுவும் ஒளிரத்தான் செய்கிறது. நண்பகலில் எரியும் தெருவிளக்கு மங்கலாகத் தெரிவதுபோல, சுற்றியுள்ள பேரொளியால் அது கறுப்பாகத் தெரிகிறது.

கரும்புள்ளிகளை வைத்து மழையைக் கணிக்க இன்றும் நம்பகமான வழி இல்லை. ஆனால், சேர்த்த படங்கள் வீண்போகவில்லை. கரும்புள்ளிகள் உள்ள பகுதிகளில்தான் பெரும்பாலும் சூரியப் புயல்கள் கிளம்புகின்றன. 1989 மார்ச்சில் அத்தகைய புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தை ஒன்பது மணி நேரம் இருளில் தள்ளியது. சூரியனின் பழைய போக்கை அறிய, கண்ணாடித் தகடுகளில் பதிந்த அப்படங்களை இப்போது கணினியில் ஏற்றி ஆராய்கிறார்கள். 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியதும் இதே நிறுவனம்தான்.

செய்து பாருங்கள்: விண்வெளி நிறுவனங்கள் இணையத்தில் தினமும் வெளியிடும் சூரியப் படங்களில் ஒரு கரும்புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். பத்து நாள்களுக்கு அதன் இடத்தை வட்டத்தில் குறித்து வாருங்கள். புள்ளி நகர்வதைக் காண்பீர்கள். சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்பதற்கு அதுவே சான்று.

எச்சரிக்கை: சூரியனை நேரடியாகப் பார்க்கவே கூடாது.