அபராதம் கட்டினால் போதுமா?

கேள்வி: நுகர்வோரை ஏமாற்றும் பெரிய நிறுவனங்களின் மேலதிகாரிகள் சிறைக்குப் போவதே இல்லையா?

பதில்: மிக அரிது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், விற்பனை இலக்கை எட்டுவதற்காக வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்தார்கள். 2016-இல் விவகாரம் வெடித்தபோது, அதுவரை வேலையிழந்திருந்தவர்கள் சுமார் 5,300 பேர். பெரும்பாலும் கீழ்மட்ட ஊழியர்கள். ஏமாந்தவர்கள் நீதிமன்றம் போனால், ‘முதல் கணக்கைத் தொடங்கும்போதே, தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் நடுவர் மன்றத்தில் தீர்க்கச் சம்மதித்தீர்களே’ என்று வங்கி தடுத்தது. போலிக் கணக்குக்கு அசல் கையெழுத்தைக் கேடயமாக்கிய இந்த வாதத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. 2020-இல் 300 கோடி டாலர் கொடுத்து அரசின் விசாரணைகளை முடித்துக்கொண்டார்கள். குற்ற வழக்கைச் சந்தித்த உயரதிகாரி கேரி டோல்ஸ்டெட் ஒருவர்தான். 2023-இல் அவருக்கும் சிறை இல்லை; அபராதமும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும்தான்.