சான் ஆன்டோனியோ போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுக் கிளம்பு

ஹூஸ்டன்ல இருந்து மூணு மணி நேர டிரைவ்தானேன்னு காலையில சாவகாசமா கிளம்பாதே. பிள்ளைகளோட ஊர் சேரும்போது உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும். ஜூலை, ஆகஸ்ட்ல 37, 38 டிகிரி அங்கே சாதாரணம். முந்தின நாள் ராத்திரியே போய்த் தங்கிடு. காலையில வெளியே, மத்தியானம் ஏசிக்குள்ளே, சாயங்காலம் ஆத்தங்கரை. இந்த வரிசையை மட்டும் மாத்தாதே.

எல்லாரும் அலமோவைப் பார்த்துட்டு ஊரையே பார்த்த மாதிரி திரும்பிடுறாங்க. எனக்கு அதுல ரொம்ப வருத்தம். 1836-ல மெக்சிகோ படை 13 நாள் முற்றுகை போட்டுப் பிடிச்ச இடம், பார்க்க வேண்டியதுதான். ஆனா 1718-ல அது ஒரு கிறிஸ்தவ மிஷனாத்தான் ஆரம்பிச்சது. அதே மாதிரி இன்னும் நாலு மிஷன் தெற்கே ஆத்தோரமா வரிசையா இருக்கு: கன்செப்சியோன், சான் ஹோசே, சான் ஹுவான், எஸ்பாடா. 2015-ல அஞ்சையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டாங்க. தெற்கே இருக்கிற நாலுக்கும் கட்டணம் கிடையாது, கூட்டமும் குறைச்சல்.

காலையில முதல்ல சான் ஹோசே போ. நாலுல பெரிசு அதுதான். கோயில் பக்கச் சுவர்ல கல்லுல செதுக்கின ரோஸ் விண்டோ இருக்கு. அதைப் பார்த்துட்டு அப்படியே நகர்ந்துடாதே. மதிற்சுவரை ஒட்டி வரிசையா இருக்கிற சின்னச் சின்ன அறைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டு. அந்த மண்ணோட பூர்வகுடிகள் குடும்பம் குடும்பமா அங்கேதான் குடியிருந்தாங்க. இந்தச் சுவரையும் வயலையும் வாய்க்காலையும் உண்டாக்கினது அவங்க உழைப்புன்னு சொல்லு. எஸ்பாடா பக்கம் ஓடைக்கு மேலே ஒரு தொட்டிப்பாலம் இருக்கு. 1740-கள்ல கட்டினது, இன்னும் தண்ணி ஓடுது. நாலு கோயில்லயும் இன்னமும் பூசை நடக்குது. ஞாயித்துக்கிழமை போனா பூசை முடியற வரைக்கும் உள்ளே சுத்தாம வெளியே காத்திரு.

அலமோ கோயிலுக்குள்ளே போக நேரம் குறிச்ச சீட்டு வேணும். முன்னாடியே இணையத்துல எடுத்து வச்சுடு.

பிள்ளைகள் ஆட்டம் போடணும்னா ஹெமிஸ்ஃபேர் பூங்காவுல யனாகுவானா கார்டன் போ. தண்ணியில நனையலாம், காசும் இல்லை. மாத்து உடை எடுத்துக்கோ. பக்கத்துலயே 1968 கண்காட்சிக்காகக் கட்டின 750 அடி கோபுரம் இருக்கு. நேரம் இருந்தா ஏறு, இல்லேன்னா விட்டுடு.

ரிவர் வாக்குக்குப் பொழுது சாயற நேரம்தான் சரி. ரோட்டுக்கு ஒரு மாடி கீழே, ரெண்டு பக்கமும் பெரிய மரங்களோட ஆறு ஓடும். நிறைய இடத்துல தடுப்புக் கம்பியே கிடையாது, அதனால சின்னவன் கையை விடாதே. 1921 வெள்ளத்துக்கு அப்புறம் ஊருக்குள்ளே வளைஞ்சு போற பகுதியை மூடி, அடியில சாக்கடை விடலாம்னு ஒரு யோசனை இருந்தது. ஹக்மன்னு ஒரு கட்டடக் கலைஞர் படிக்கட்டும் பாலமும் நடைபாதையுமா வரைஞ்ச திட்டம்தான் இன்னைக்கு நாம நடக்கிறது. படகுல ஒரு சுத்து வா. சாப்பாட்டுக்கு மட்டும் ஆத்தங்கரையை நம்பாதே, அங்கே உட்கார்ற இடத்துக்கும் சேர்த்துக் காசு வாங்குற மாதிரிதான் விலை இருக்கும்.

சாப்பாட்டுக்கு ஊருக்குள்ளே இருக்கிற குடும்பக் கடைகளைத் தேடு. காலை டாக்கோவுக்குப் பேர் போன ஊர் இது. உருளைக்கிழங்கு முட்டை டாக்கோவும், பீன்ஸ் சீஸ் டாக்கோவும் நம்ம வாய்க்கு உடனே பிடிச்சுடும். இப்படிப்பட்ட கடைகள்ல நிறைய மத்தியானத்தோட மூடிடுவாங்க, திங்கட்கிழமை லீவும் உண்டு. பஃபி டாக்கோவை விட்டுடாதே. மக்காச்சோள மாவை எண்ணெயில போட்டுப் பூரி மாதிரி உப்ப வச்சு, உள்ளே கறி அடைச்சுத் தருவாங்க. பிகடியோன்னு சொன்னா பெரும்பாலும் மாட்டுக்கறி. வேண்டாம்னா சிக்கன் கேளு.

மாமியார் சைவம்னா இன்னும் கவனம். 'வெஜிடேரியன்'னு சொன்னா மட்டும் போதாது. மசிச்ச பீன்ஸ்ல பன்றிக் கொழுப்பு இருக்கலாம், ஆரஞ்சு நிறச் சாதத்தைக் கோழி வேகவச்ச தண்ணியில வடிச்சிருக்கலாம், மைதா டார்ட்டியாவிலயும் அதே கொழுப்பு சேர்க்கிற கடை உண்டு. "பீன்ஸ்ல லார்ட் இருக்கா, சாதம் சிக்கன் பிராத்ல செஞ்சதா"ன்னு நேராவே கேட்டுடு. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. மக்காச்சோள டார்ட்டியா, குவாகமொலே, முழு பின்டோ பீன்ஸ்னு தனித்தனியா கேட்டு வாங்கினா அவங்களுக்கு வயிறு நிறையும். முழு பீன்ஸ்லயும் பேக்கன் போடுறது உண்டு, அதையும் கேட்டுக்கோ.

மார்க்கெட் ஸ்குவேர்ல 1941-ல இருந்து நடக்கிற மி டியெரா போனா பேக்கரி கண்ணாடிப் பெட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டு. பாட்டுக்காரங்க மேஜைக்கு வந்து பாடவான்னு கேட்டா, எவ்வளவுன்னு முதல்லயே கேட்டுக்கோ.

பில்லுல 8.25 சதவீத வரி சேரும். அதுக்கு மேலே டிப்ஸ் 18-லிருந்து 20 சதவீதம் வை. நாலஞ்சு பேருக்கு மேலே போனா சில இடத்துல அவங்களே சேர்த்திருப்பாங்க, பில்லைப் படிச்சுட்டுப் பணம் கட்டு. ஏப்ரல் கடைசியில ஃபியஸ்டா நடக்கும்போது ரூம் வாடகை எகிறிடும். திருவிழா பார்க்க ஆசை இருந்தா இப்பவே புக் பண்ணு, இல்லேன்னா நவம்பர்ல போ.