பின்டயர் மட்டும் சீக்கிரம் தேய்கிறதா?

மயிலாடுதுறைப் பக்கம் ஓடும் வண்டிகளில் பின்சக்கர இயக்கம் (ரியர் வீல் டிரைவ்) கொண்டவை நிறையவே உண்டு. இன்னோவா கிரிஸ்டா, பொலிரோ, ஸ்கார்ப்பியோ, ஈகோ எல்லாம் அந்த வகைதான். மஸ்டாங், பி.எம்.டபிள்யூ இசட்4 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களும் அப்படியே. இவற்றை வைத்திருப்பவர்களுக்குப் பொதுவான கவலை ஒன்று உண்டு. முன்டயர் நன்றாக இருக்கும்போதே பின்டயர் மொட்டையாகிவிடுகிறது. தினசரி ஓட்டத்துக்கு நீண்ட நாள் உழைக்கும் டயர் எது, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் காரணத்தைப் பார்ப்போம். இவ்வகை வண்டிகளில் எஞ்சினின் முழு இழுவிசையும் பின்சக்கரங்கள் இரண்டின் வழியாகவே தரைக்கு இறங்குகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரை முந்தும்போதும் சாலையோடு உரசுவது அந்த இரண்டு டயர்கள்தாம். பின்இருக்கை நிறைய ஆட்கள், டிக்கி நிறையச் சாமான்கள் என்றால் எடையும் அங்கேதான் கூடும். ஸ்போர்ட்ஸ் காரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அதன் டயருக்குப் பிடிப்பை முதன்மையாகக் கருதி மென்மையான ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். மென்மையான ரப்பர் சாலையை நன்றாகப் பற்றும், ஆனால் வேகமாகத் தேயும். அதைத் தயாரிப்புக் குறை என்று எண்ண வேண்டாம்.

ஆனால் எல்லாத் தேய்மானமும் இயல்பானதல்ல. வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, டயரின் மேல்தடத்தில் (டிரெட்) உள்ளங்கையைக் குறுக்காக இரு திசையிலும் மெல்லத் தடவிப் பாருங்கள். கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போலவும் கையில் பட்டால் சக்கரக் கோணம் (வீல் அலைன்மென்ட்) பிசகியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் மறுபடியும் சக்கரக் கோணத்தையே சோதிக்க வேண்டும். ஆங்காங்கே குழிகுழியாக இருந்தால் அதிர்வு தாங்கியை (ஷாக் அப்சார்பர்) பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை கொடுத்துப் புது டயர் வாங்கினாலும் அதுவும் அப்படியேதான் தேயும்.

டயரின் பள்ளங்களுக்குள் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். அவை தேய்மான அளவுகோல்கள் (டி.டபிள்யூ.ஐ.). மேல்தடம் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. தான் மிச்சம். காருக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. நம் பகுதிக்கு அந்த எல்லை போதாது. வடகிழக்குப் பருவமழையில் சாலையில் நீர் தேங்கும்போது, பள்ளம் ஆழமாக இருந்தால்தான் டயர் அந்த நீரை ஒதுக்கித் தள்ளும். இல்லாவிட்டால் டயர் தரையைத் தொடாமல் நீரின்மேல் மிதந்து வழுக்கும் (அக்வாபிளேனிங்). 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடுவதே நல்லது. ஆழம் பார்க்கும் சிறு கருவி குறைந்த விலைக்கே கிடைக்கிறது.

இனி தேர்வு. அளவை மாற்றாதீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் வண்டிக்குரிய அளவும் காற்றழுத்தமும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அளவையடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் வரும். எண் சுமைத்திறன்: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 95 என்றால் 690 கிலோ. எழுத்து வேகவரம்பு: 'எச்' என்றால் மணிக்கு 210 கி.மீ., 'வி' என்றால் 240 கி.மீ. இரண்டும் தயாரிப்பாளர் சொன்னதைவிடக் குறையக் கூடாது.

உழைப்பைக் கணிக்கத் தேய்மான எண் (டிரெட்வேர்) உதவும். பல கார் டயர்களில் இது பொறிக்கப்பட்டிருக்கும். 400 என்ற எண் கொண்ட டயர், சோதனைச் சூழலில், 200 கொண்டதைப்போல் இருமடங்கு உழைக்கும் என்று பொருள். இந்த எண்ணைத் தருவது தயாரிப்பாளரே என்பதால், ஒரே நிறுவனத்தின் டயர்களை ஒப்பிடத்தான் இது அதிகம் பயன்படும். 200 சுற்றில் இருப்பவை பந்தயத்தடத்தை ஒட்டிய வகை. தினமும் கும்பகோணமோ சீர்காழியோ போய்வரும் ஸ்போர்ட்ஸ் காருக்கு 300 முதல் 500 வரையிலான பயண வகை (டூரிங்) போதுமானது. கூடவே ஈரப்பிடிப்புத் தரம் (டிராக்ஷன்) 'ஏ' அல்லது 'ஏஏ', வெப்பம் தாங்கும் தரம் 'ஏ' என்று இருக்கட்டும். உழைப்பை மட்டும் பார்த்து ஈரப்பிடிப்பை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

சில ஸ்போர்ட்ஸ் கார்களில் பின்டயர் முன்டயரைவிட அகலமாக இருக்கும். அவற்றை முன்பின் மாற்றிப் போட முடியாது. அந்த அளவு கடைகளில் எளிதில் கிடைப்பதும் இல்லை. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆகவே தேய்ந்து முடியும்வரை காத்திராமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம்.

இரண்டு டயர்தான் வாங்க முடிகிறது, நான்கும் ஒரே அளவு என்றால், புதியதைப் பின்னால் போடுங்கள். முன்டயர் வழுக்கினால் வண்டி நேரே போகும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். பின்டயர் வழுக்கினால் வண்டியே சுழலும். அதைக் கட்டுக்குள் கொண்டுவர அனுபவமுள்ள ஓட்டுநரும் தடுமாறுவார்.

பராமரிப்பு எளிது. காற்றை மாதம் இருமுறை, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை மாற்றிப் போடுங்கள்: பின்னவை நேராக முன்னுக்கு, முன்னவை குறுக்காகப் பின்னுக்கு. பக்கவாட்டில் சுழலும் திசை அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்திலேயே முன்பின் மாற்ற வேண்டும். ஐந்து வருடம் கடந்த டயரை, பள்ளம் மிச்சமிருந்தாலும், ஆண்டுதோறும் கடையில் காட்டிச் சோதியுங்கள். நம் ஊர் வெயில் ரப்பரை வெடிக்கச் செய்யும்.

குறுக்குவழிகள் வேண்டாம். கத்தியால் பள்ளம் வெட்டி விற்கும் மொட்டை டயரை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய டயரில் மலையும் பனிச்செதிலும் சேர்ந்த குறி இருந்தால் அது பனிச்சாலைக்கேற்ற டயர். நம் வெப்பத்தில் விரைவில் கரையும். மண்ணெண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவது ரப்பரைக் கெடுக்கும். வெயில் காலமென்று காற்றைக் குறைத்தால் டயர் இன்னும் சூடாகும். நைட்ரஜன் தவறில்லை, கட்டாயமும் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தால் ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள். டயரை மாற்றுவதே வழி.

குறுவை அறுவடையில் சாலையில் நெல் காயும். டிராக்டர் சக்கரத்திலிருந்து சேறு விழும். அங்கே வேகத்தைக் குறைத்துப் போங்கள். மீறிப் பின்பக்கம் வழுக்கினால் பதற்றப்பட வேண்டாம். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, போக வேண்டிய திசையில் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்.

ஐப்பசியில் துலா நீராட்டுக்கு ஊர் நிரம்பும்போதே மழையும் தொடங்கிவிடும். எனவே புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை நான்கு டயர்களோடு ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள்.