27 மைக்ரோநொடி வேறுபாடு: இளம் வானியல் ஆய்வாளருக்கு ஒரு மடல்



ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல், வானியல் துறை தன் ஆண்டறிக்கையை வெளியிடும்போது, ஆசிரியர்கள் பெற்ற விருதுகளையும் அச்சேறிய கட்டுரைகளையும் கிடைத்த நிதிநல்கைகளையும் முனைவர் பட்டம் பெற்றோரின் பெயர்களையும் அதில் வரிசைப்படுத்துகிறது. புதிதாகச் சேர்ந்த மாணவர் அவ்வரிசையைப் படித்துவிட்டு, தம் பெயரும் அதில் ஏறுவதற்கு எந்த வழி குறுகியது என்று கணக்கிடத் தொடங்குவதும் இயல்பே. ஆயினும் அறிக்கையில் முடிவுகள் இருக்கின்றனவே அன்றி, அம்முடிவுகளைத் தந்த உழைப்பு எத்தகையது என்ற செய்தி அதில் இல்லை. அவ்வுழைப்பின் தன்மையை எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம். அதற்கு, அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ரஸ்ஸல் ஹல்ஸ் என்னும் மாணவர், தம் வழிகாட்டியான ஜோசஃப் டெய்லரின் திட்டப்படி 1974ஆம் ஆண்டில் செய்த பணி நல்ல சான்றாக அமைகிறது.

அவர்கள் தேடியது பல்சர் எனப்படும் துடிப்பு விண்மீன்களை. பெரும் விண்மீன் வெடித்தபின் எஞ்சும், நியூட்ரான்களால் ஆன, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஆரமே கொண்ட அடர்ந்த உருண்டை வேகமாகச் சுழலும்போது, அதன் காந்த முனைகளிலிருந்து புறப்படும் ரேடியோ கற்றை ஒவ்வொரு சுற்றிலும் பூமியைத் தொட்டுச் செல்வதால், அது சீரான துடிப்பாகப் பதிவாகிறது. விண்மீன்களுக்கு இடையே பரவியுள்ள கட்டற்ற எலெக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண் அலைகளைச் சற்றுத் தாமதப்படுத்துகின்றன என்பதால், ஒரே துடிப்பு வெவ்வேறு அதிர்வெண்களில் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. அறியப்படாத பல்சர் ஒன்றுக்கு அந்தத் தாமதம் எவ்வளவு, சுழற்சிக் காலம் எவ்வளவு, துடிப்பின் அகலம் எவ்வளவு என்ற மூன்றுமே முன்கூட்டித் தெரியாதவை. ஆகவே வானின் ஒவ்வொரு புள்ளிக்கும் லட்சக்கணக்கான சேர்க்கைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த வேலையை 32 கிலோபைட் நினைவகமே உடைய சிறு கணினி ஒன்று செய்யுமாறு அசெம்பிளி மொழியில் நிரல் எழுதி, அக்கணினியை மரப்பெட்டியில் வைத்து, போர்ட்டோ ரீக்கோ தீவின் அரெசிபோவிலிருந்த 305 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிக்கு ஹல்ஸ் கொண்டு சென்றார்.

இளம் ஆய்வாளர் முதலில் கருத்தூன்ற வேண்டியது இந்த இடத்தில்தான். பிறர் எழுதிய நிரலை இறக்கி, பிறர் அமைத்த கருவியின் தரவை அதில் ஊட்டி, வரும் வரைபடத்தைக் கட்டுரையில் ஒட்டும் வாய்ப்பு இன்று எல்லாத் துறைகளிலும் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் தவறு ஏதுமில்லை, காலமும் மிச்சமாகிறது. ஆனால் கருவியின் உள்ளமைப்பை அறியாதவருக்கு, அது வழக்கத்துக்கு மாறான எண்ணைக் காட்டும்போது, அப்படியே நம்புவது அல்லது கருவியைக் குறைகூறி ஒதுக்கிவிடுவது என்ற இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. அந்த எண்ணின் காரணத்தைத் தேடிக் காணும் மூன்றாவது வழி, அக்கருவியின் ஒவ்வொரு பகுதியையும் தம் கையால் சோதித்தவருக்கே திறந்திருக்கிறது. குறைந்தது ஒரு கருவியையோ ஒரு நிரலையோ அடித்தளத்திலிருந்து தாமே கட்டிப் பார்க்காமல் முனைவர் பட்டம் பெறுவது, பட்டம் செல்லுபடியாகும் என்றாலும், பயிற்சியில் ஒரு பெரிய குறையை விட்டுச்செல்கிறது.

1974 ஜூலை மாதத்தில் கழுகு விண்மீன் குழுவின் திசையிலிருந்து மெல்லிய துடிப்பு ஒன்று பதிவாயிற்று. இரைச்சலின் திட்ட விலக்கத்தைப் போல 7 மடங்குக்கு மேல் உள்ள குறிகளை மட்டும் அச்சிடுமாறு கணினி அமைக்கப்பட்டிருக்க, இந்தக் குறியின் வலிமை 7.25 மடங்காக இருந்தது. இன்னும் சற்றே நலிந்திருந்தால் அது பட்டியலில் இடம்பெற்றே இராது. அதன் காலம் ஏறத்தாழ 59 மில்லிநொடி. அன்று அறியப்பட்டிருந்த பல்சர்களுள் இதைவிட வேகமாகத் துடித்தது நண்டு நெபுலாவின் பல்சர் ஒன்றே. ஆகஸ்ட் 25 அன்று அக்காலத்தை மேலும் துல்லியமாக அளக்க முனைந்தபோது, இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்ட இரு அளவீடுகள் 27 மைக்ரோநொடி வேறுபட்டன. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 27 பங்கு என்பது அன்றாட வாழ்வில் பொருட்படுத்தத் தகாதது. ஆனால் பல்சர்களின் சுழற்சிக் காலம் ஆண்டு முழுவதிலும்கூட அந்த அளவுக்கு மாறுவதில்லை.

ஹல்ஸ் முதலில் ஐயுற்றது தம் நிரலையே, அதுவே முறையும் ஆகும். எனினும் ஐயத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த பல்சருக்கு நகர்வதும், அந்த ஐயத்துக்கு விடை காணும்வரை புதிய சோதனைகளை வகுப்பதும் ஒன்றல்ல. அந்தத் தேடலில் 40 புதிய பல்சர்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றின் காலத்துக்கு எதிரே நட்சத்திரக் குறியிட்டு ‘உறுதியில்லை’ என்று குறித்திருந்தாலும் ஆய்வேடு ஏற்கப்பட்டிருக்கும், எவரும் குறை கண்டிருக்க மாட்டார்கள். இரு அளவீடுகளின் சராசரியை எழுதியிருந்தால் அந்தக் குறிகூடத் தேவைப்பட்டிராது. அவர் அவ்வாறு செய்யாமல், தரவை மேலும் வேகமாகப் பதிவு செய்ய அரெசிபோ நிலையத்தின் பெரிய கணினிக்கெனத் தனி நிரல் எழுதி, செப்டம்பர் 1, 2 ஆகிய நாள்களில் மீண்டும் அளந்தார். சிக்கல் தீரவில்லை, இரு நாள்களிலும் காலம் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தது. ஆனால் இரு நாள்களின் வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது, ஒன்றை 45 நிமிடம் நகர்த்தினால் இரண்டும் பொருந்தின. கருவிக் கோளாறு நாளுக்கு 45 நிமிடம் முன்னதாக வரும் பழக்கம் உடையதன்று. பல்சர் மற்றொரு விண்மீனைச் சுற்றிவருகிறது, அது பூமியை நெருங்கும்போது துடிப்புகள் நெருங்கியும் விலகும்போது இடைவெளி கூடியும் வருகின்றன என்ற டாப்ளர் விளைவு இதை விளக்கிற்று. சுற்றுக் காலம் 7 மணி 45 நிமிடம் என்பதால் மூன்று சுற்றுகள் 23 மணி 15 நிமிடத்தில் முடிந்து, நாள்தோறும் 45 நிமிடம் மிஞ்சிற்று. சுற்றுப்பாதை என்றால் குறையும் காலம் எங்கேனும் மீண்டும் கூடத் தொடங்க வேண்டும் என்பதால் அதையும் எதிர்பார்த்திருந்து, செப்டம்பர் 16 அன்று அந்தத் திருப்பத்தைப் பதிவு செய்தபின்னரே அவர் ஐயத்தைக் கைவிட்டார். குறிப்பேட்டில் அடித்தடித்து எழுதப்பட்ட காலங்களின் பட்டியல் இந்தக் கண்டுபிடிப்பின் ஆவணமாகவே நிலைத்துவிட்டதால், இளம் ஆய்வாளர் தவறென்று எண்ணும் எண்ணை அழிக்காமல், படிக்கத்தக்கவாறு ஒரு கோட்டால் அடித்து, அடித்ததன் காரணத்தைப் பக்கத்தில் எழுதிவைப்பது நன்று.

கண்டுபிடிப்புக்குச் சில வாரங்களே தேவைப்பட்டன. அதன் பயனை எடுக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு நிறையுள்ள இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இவ்வளவு நெருக்கமாகச் சுற்றும்போது, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கூறும் விளைவுகள் பெரிதாகத் தெரிகின்றன. புதன் கோளின் பாதை அக்கோட்பாட்டினால் நூற்றாண்டுக்கு 43 விகலை திரும்புகிறது என்றால், இந்தப் பல்சரின் பாதையோ ஓர் ஆண்டிலேயே 4.2 பாகை திரும்புகிறது. சுற்றும் நிறைகள் ஈர்ப்பு அலைகளை வெளிவிட்டு ஆற்றலை இழக்க வேண்டும், எனவே சுற்றுக் காலம் ஆண்டுக்குச் சுமார் 76 மைக்ரோநொடி குறைய வேண்டும் என்பதும் அக்கோட்பாட்டின் முடிவு. ஒவ்வொரு சுற்றும் முன்னதைவிடச் சற்று விரைவாக முடிவதால், விண்மீன்கள் மிக அருகில் வரும் கணம் முந்திக்கொள்ளும் அளவு காலத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. முப்பது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 40 நொடியை எட்டிவிட்டது. ஈர்ப்பு அலைகள் உண்மையிலேயே ஆற்றலைக் கொண்டுசெல்கின்றன என்ற முதற் சான்றை டெய்லரும் உடன் பணியாற்றியோரும் 1978 டிசம்பரில் அறிவித்த பிறகும், வானியலாளர் ஜோயல் வைஸ்பர்க் உள்ளிட்டோருடன் அளவீடு நீண்டுகொண்டே சென்றது. பால்வெளிக்குள் சூரியக் குடும்பமும் பல்சரும் அடையும் முடுக்கத்தையும் கழித்துப் பார்த்தபோது, அளவும் கோட்பாடும் நூற்றில் 0.2 பங்குக்குள் ஒத்துப்போயின. ஈர்ப்பு அலைகளை நேரடியாக உணர்ந்த லைகோ கருவிகளின் வெற்றி 2015இல்தான் வந்தது. ஆண்டுக்கு ஆண்டு அதே பொருளை அதே முறையில் அளப்பது புகழ் தராத வேலை என்று ஒதுக்க நினைக்கும் மாணவர், அந்த இருமடி வளர்ச்சியை ஒரு முறை தாளில் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

ஆய்வுக்கு அப்பால், துறையின் பிற செயல்பாடுகளைக் குறித்து மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாராந்திரக் கருத்தரங்குகளுள் தம் பிரிவைச் சாராதவற்றுக்கும் செல்வதும், இளநிலை மாணவர்க்கு ஆய்வகப் பாடம் நடத்தும் பொறுப்பைத் தட்டிக்கழிக்காமல் ஏற்பதும் போதும்.

கண்டுபிடிப்பின் உரிமையைப் பற்றிச் சற்றுத் தெளிவாகவே பேச வேண்டும். முதல் பல்சரின் துடிப்பை 1967இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பதிவுத்தாள்களிலிருந்து கண்டெடுத்தவர் ஜோசலின் பெல் என்னும் முனைவர்பட்ட மாணவி. அக்கண்டுபிடிப்புக்காக 1974இல் நோபல் பரிசு பெற்றவர் அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹியூயிஷ். மார்ட்டின் ரைல் தம் வேறு பணிக்காக அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார்; பெல்லின் பெயர் அதில் இல்லை. விண்மீனைச் சுற்றிவரும் பல்சரைக் கண்டதற்காக 1993இல் டெய்லரோடு ஹல்ஸும் நோபல் பரிசு பெற்றார், அவ்விழாவுக்கு டெய்லரின் அழைப்பில் பெல்லும் சென்றார். மாணவரின் பங்கு ஏற்கப்படுவது வழிகாட்டியின் நேர்மையையும் துறையின் பழக்கத்தையும் பெரிதும் சார்ந்திருப்பதால், பணி தொடங்கும்போதே எவரெவர் பெயர் எந்த வரிசையில் வரும் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்ல வழிகாட்டி அக்கேள்வியை வரவேற்பார்.

பட்டத்துக்குப் பின் வேலை கிடைக்குமா என்ற கவலையும் நியாயமானதே. இத்தகைய கண்டுபிடிப்பைச் செய்த ஹல்ஸே, வானியலில் நிலையான பணி கிடைப்பதன் உறுதியின்மையைக் கருத்தில் கொண்டு 1977இல் பிரின்ஸ்டன் பிளாஸ்மா இயற்பியல் ஆய்வகத்துக்கு மாறி, அணுக்கரு இணைவுக் கருவிகளின் பிளாஸ்மாவில் வேற்று அணுக்கள் எவ்வாறு பரவுகின்றன என்பதைக் கணினியில் கணிக்கும் நிரலை உருவாக்கினார். நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோதும் அவர் அங்கேயே பணியாற்றிக்கொண்டிருந்தார். அவருடன் அங்கே சென்றது பல்சர்களின் பட்டியல் அன்று, இயற்பியல் சிக்கலைக் கணினி செய்யத்தக்க படிகளாகப் பிரிக்கும் திறமை. ஆகவே இளம் ஆய்வாளர் முதலாண்டிலேயே, தம் நிரலை வேறொரு மாணவர் எடுத்து இயக்கி, அதே எண்ணை வரவழைக்கத்தக்க முறையில் எழுதப் பழகுவது பயன் தரும். அந்த மாணவருக்கு வேறு எண் வந்தால், இருவரும் ஒன்றாக உட்கார்ந்து காரணம் காணும்வரை கட்டுரையை அனுப்பாமலிருக்க வேண்டும்.